ஆள் கணக்கு

எங்கள் ஊருக்குப் பஸ் வராது, பஸ் சத்தம் மட்டும் வரும். எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகிற மெயின் ரோடு ஊருக்கு வடக்கே மூணு கல் தொலைவு. நடுவில் கிடந்த கரிசல்காட்டில் மறைப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாடைக்காற்று அடிக்கிற நாளில், எங்கள் பாதை பிரிகிற விலக்கில் டிரைவர் கியர் மாற்றுகிற உறுமல்கூட எங்கள் வாசல்வரை வந்துவிடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஊருக்குப் பொழுது. "முத பஸ் போயிருச்சு, இன்னும் அடுப்புப் பத்த வைக்கலையா" என்று ஆச்சி அம்மாவை விரட்டுவாள். பதினோரு மணி பஸ் போனால் களையெடுக்கப் போனவர்களுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ராத்திரி கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டு வெகுநேரம் ஆகியும் டவுனுக்குப் போன ஆம்பளை திரும்பவில்லை என்றால், லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைப் புளியமரம்வரைக்கும் போய் நிற்பார்கள்.

அந்த மூணு கல்லும் வண்டிப்பாதை. கோடையில் அதில் நடப்பது சுகம்தான். வெடித்துப் பிளந்த கரிசல், இரண்டு பக்கமும் உடைமரம், பருத்தி வெடித்திருந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, மல்லிச்செடி காய்ந்திருந்தால் காற்றிலேயே ரசம் மணக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை வேறு. நீங்கள் கரிசல் மண்ணில் மழைக்கு நடந்திருக்கிறீர்களா? முதல் அடிக்குக் கொஞ்சம் மண் ஒட்டும், அடுத்த அடிக்கு அதன்மேல் கொஞ்சம், பத்து அடி நடப்பதற்குள் காலே கனத்து நகராது. வண்டிச் சக்கரம் ஆரக்கால் தெரியாமல் மண்ணைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிடும், மாடு முட்டி போட்டுவிடும். செருப்பைக் கையில் தூக்கி, சேலையை முழங்காலுக்கு மேலே சொருகி, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஓரத்துப் புல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார்கள். விலக்கில் ஒரு பலகைக்கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து சோளத்தட்டையால் காலைச் சுரண்டி, பள்ளத்துத் தண்ணீரில் கழுவி, சேலையை இறக்கிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால்தான் பஸ் ஏறுகிற ஆளாக ஆக முடியும். அந்தக் கல்லைச் சுற்றி மழைக்காலம் பூராவும் சுரண்டிப் போட்ட மண் ஒரு கரையாக உயர்ந்து கிடக்கும்.

பஸ்ஸுக்குள் ஏறினால் டீசலும் வெற்றிலையும் வாடிய கனகாம்பரமும் கலந்த ஒரு வாசனை. மேலே வத்தல் மூட்டை ஏற்றியிருந்தால் அதன் நெடி உள்ளே இறங்கி ஆளாளுக்குத் தும்மல். ஆச்சி முந்தியில் முடிந்த சில்லறையைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கண்டக்டரிடம் "பேரனுக்கு டிக்கெட் எடுக்கிற வயசு ஆகலய்யா" என்பாள். நான் அவள் சொல்லைக் காப்பாற்றுவதற்காக முழங்காலை மடக்கிக் குட்டையாக நிற்பேன். கண்டக்டர் என்னைப் பார்ப்பார், ஆச்சியைப் பார்ப்பார், விசிலை ஊதிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாகத்தான் இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் பாதையில் வந்த ஒரே மோட்டார் வண்டி தீப்பெட்டி ஆபீஸ் வேன். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனிகள் அந்நாளில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வேனும் பஸ்ஸும் அனுப்பி, கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளை ஏற்றிப் போனார்கள். எங்கள் ஊருக்கு வந்தது ஒரு பழைய வேன். முதல் பஸ் சத்தம் கேட்பதற்கு ரொம்ப முன்னாலேயே, நாலு மணி இருட்டில் வந்து நிற்கும். ஏஜெண்டாக இருந்த மாமா தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டி எழுப்புவார். என் அக்காவும் போனாள். மூணாப்பு முடித்ததும் அவளை நிறுத்திவிட்டார்கள். அம்மா அவளைத் தூக்கத்திலேயே உட்காரவைத்து, தலைசீவி, ரிப்பன் கட்டி, தூக்குவாளியில் கம்மஞ்சோறும் துவையலும் வைத்துக் கையில் மாட்டி அனுப்புவாள். இருட்டில் போனவள் இருட்டித்தான் வருவாள். பக்கத்தில் படுத்தால் அவள் கையிலும் முடியிலும் மெழுகு வாசமும் மருந்து வாசமும் வரும். அந்த வாசத்தில்தான் நான் தூங்கிப் பழகினேன்.

மழை பெய்து பாதை சேறானால் வேன் விலக்கிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் லாந்தர் வெளிச்சத்தில் வரிசையாக நடந்து போவார்கள். ஊருக்குப் பாதை சரியில்லை, பஸ் விட முடியாது என்று காலம்காலமாகச் சொல்லப்பட்ட அதே பாதையில்தான் வெயிற்காலம் பூராவும் அந்த வேன் வந்துபோனது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1981 பிப்ரவரியில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தது எங்கள் மூணாப்பு சார்தான். முந்தின வருஷமே ஒருத்தர் வந்து வாசல் நிலைக்கு மேலே தாரால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார். சார் அந்த எண் வரிசையில் வீடுவீடாகப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிற வேலை எனக்குக் கிடைத்தது. பைக்குள் நீளநீளமான படிவங்கள், ஆளுக்கு ஒன்றாக எழுதுகிற சீட்டுகள், இங்க் புட்டி ஒன்று. இங்க் சிந்திவிடக் கூடாதே என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நடப்பேன்.

எங்கள் ஊரில் தலைக்கட்டு எத்தனை என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிப்பது தலைக்கட்டுக் கணக்கில்தான். ஆள் எத்தனை என்று மட்டும் யாரும் எண்ணியதில்லை. வயசும் அப்படித்தான். சார் "பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டால், "எனக்கென்னய்யா, ஏழு கழுத வயசாச்சு" என்று பதில் வரும். சார் சலிக்க மாட்டார். பேனாவை மூடிவிட்டுத் திண்ணையில் சாவகாசமாகச் சாய்ந்து, "எட்டயபுரத்துல பாரதி மண்டபம் தொறந்தாகளே, அதுக்குப் போனீகளா?" என்பார்.

"போகாம? ராஜாஜி வந்தாகளே. சனம்னா சனம், வண்டி போட்டுக்கிட்டுப் போனோம்."

"அப்ப உங்களுக்கு எத்தனை பிள்ளைக?"

"மூணு. நாலாவது வயித்துல."

மண்டபம் திறந்தது 1947. கல்யாணம் எந்த வயசில், முதல் பிள்ளை கல்யாணமாகி எத்தனை வருஷத்தில் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக் கூட்டிக் கழித்து ஒரு வயசை எழுதிக்கொள்வார். இளவட்டங்களுக்கு வேறு அளவு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 புயலுக்கு நடை பழகியவனா, பால்குடியா என்று பார்ப்பார். வயசே இல்லாமல் இருந்த எங்கள் ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் அந்த மாசம் வயசு வந்தது. ஆச்சி தன்னுடையதைக் கேட்டுவிட்டு, "அம்புட்டா ஆயிருச்சு?" என்று ராத்திரி பூராவும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நடுத்தெருவில் ஓர் அத்தையின் மகன் பம்பாயில், தாராவிப் பக்கம் இட்லிக்கடையில் இருந்தான். அவன் பெயரையும் எழுதச் சொல்லி அத்தை விடவில்லை. 9-ஆம் தேதியிலிருந்து 28-ஆம் தேதிவரை ஒருநாளும் ஊரில் தங்காதவனை இங்கே எழுதக் கூடாது, அவன் இருக்கிற இடத்தில் எழுதிக்கொள்வார்கள் என்று சார் பொறுமையாக விளக்கினார். அத்தை உள்ளே போய் மஞ்சப்பையை எடுத்துவந்து, அவன் அனுப்பிய மணியார்டர் துண்டுச் சீட்டுகளைத் திண்ணையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். "இந்தா பாருங்க சார், இந்த மாசமும் அனுப்பியிருக்கான். அவன் எங்க வீட்டு ஆளு இல்லையா?" சார் ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுக்கி அவள் கையில் கொடுத்தார். எழுதவில்லை. எழுந்து வரும்போது அவர் செருப்பைத் தேடுவதற்கே வெகுநேரம் ஆனது.

எங்கள் வீட்டு முறை வந்தது. அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, நான் என்று எழுதி முடித்து, அக்காவுக்கு வந்தார். வயசு பன்னிரண்டு. படிப்பு மூணு. "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"வீட்லதான் இருக்கா" என்றாள் அம்மா.

வீட்டில் அக்கா இல்லை. வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சார் அவளுக்கு அ, ஆ எழுதப் பழக்கியவர். பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்கிற பிள்ளை என்று எல்லா வகுப்பிலும் அவளை எடுத்துக்காட்டியவர். பேனா முனை சீட்டுக்கு மேலே நின்றது. "தாயி, நான் கேக்கறதுக்கு உள்ளதச் சொல்லணும். இதுல எழுதறத யாரும் பாக்க முடியாது. போலீசு கேட்டாலும் குடுக்கக் கூடாது, கோர்ட்டு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றார். 1948-ஆம் வருஷச் சட்டம் அது. அம்மா முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டே, "எழுதினா ஆபீஸ்ல பிள்ளைய நிறுத்திருவாகளா சார்?" என்று கேட்டாள். "நிறுத்த மாட்டாக" என்றார் சார். அந்த வார்த்தையை அவர் எவ்வளவு கசந்து சொன்னார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அப்புறம் குனிந்து எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. நான் எட்டிப் பார்த்தபோது சீட்டைப் புரட்டிக் கவிழ்த்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சாவடியில் யாரோ கேட்டார்கள்: "சார், இந்தக் கணக்கு எடுத்தா ஊருக்குப் பஸ் வருமா?"

"ரோடு வந்தாத்தான் பஸ் வரும். ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல இருக்கிற ஊருக்கெல்லாம் ரோடு போடணும்னு மேல திட்டம் வச்சிருக்காக" என்றார் சார். அது வதந்தியில்லை. ஐந்தாண்டுத் திட்டத்தில் குறைந்தபட்சத் தேவைகள் என்று ஒரு பகுதியே உண்டு. 1,500 பேருக்கு மேற்பட்ட எல்லா ஊர்களையும், 1,000 முதல் 1,500 வரை உள்ள ஊர்களில் பாதியையும் 1990-க்குள் நல்ல ரோட்டோடு சேர்ப்பது என்று அதில் இலக்கு வைத்திருந்தார்கள். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றுதான்: ஆயிரத்து ஐநூறு பேர் இருந்தால் பஸ் வரும்.

சாரிடம் மொத்தம் எத்தனை என்று கேட்டால் சொல்ல மாட்டார். நானே எண்ணுவது என்று முடிவு செய்துவிட்டேன். தாத்தா கிழித்துப்போட்ட தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் என் படிவம். எங்கள் மூன்று தெருவையும் ஒரே மூச்சில் முடித்தேன். அதற்குமேல் கிழக்குத் தெரு இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம். எங்கள் தலைக்கட்டுக் கணக்கில் அந்தத் தெரு கிடையாது. கொடைக்கு வரி அங்கே வாங்க மாட்டார்கள், பஸ் கேட்டுச் சாவடியில் எழுதிய மனுவிலும் அங்குள்ளவர்களிடம் கைநாட்டு வாங்கவில்லை. சாரின் எண் வரிசை மட்டும் ஓடையைத் தாண்டி நிற்காமல் போனது. நானும் பின்னாலேயே போனேன். அத்தனை வருஷத்தில் நான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவனின் வீடு அங்கே இருந்தது. அவனுக்கு இரண்டு தங்கச்சிகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் அம்மா சாருக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு, சார் குடிப்பாரா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சார் வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று தெரிந்துதான் குடித்தேன். வெயிலில் அலைந்த நாக்குக்கு அவ்வளவு இனிப்பு.

கிழக்குத் தெருவையும் சேர்த்ததும் என் கணக்கு எகிறிவிட்டது. மனு எழுதியவர்கள் ஏன் இவர்களை விட்டார்கள் என்று தாத்தாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மாட்டுக்குத் தட்டை அள்ளிப்போடப் போய்விட்டார்.

28-ஆம் தேதி ராத்திரி சார் லாந்தரோடு வந்தார். வீடு வாசல் இல்லாதவர்களை அந்த ஒரு ராத்திரியில்தான் எண்ண வேண்டுமாம். கோயில் மண்டபத்தில் யாரும் இல்லை, விலக்கிலும் யாரும் இல்லை. வெள்ளாமை எடுத்த காட்டில் கிடை போட்டிருந்த கீதாரிகளைத் தேடிப் போனோம். தூரத்திலிருந்தே ஆட்டுப் புழுக்கை வாசம் வந்துவிட்டது, பிறகு நாய் குரைப்பு, பிறகு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான கண்கள். கூடாப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் எழுந்து கம்பளியை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர் என்றார்.

"எங்களையுமா எழுதுவீக?"

"இன்னைக்கு ராத்திரி எங்க படுத்திருக்கீகளோ அங்கதான் எழுதணும்."

அவர் தன் பேர், பெண்டாட்டி பேர், மகன்கள் பேர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, குட்டிகளைக் கவிழ்த்து மூடிவைத்திருந்த கூடையைக் காட்டி, "இதுகளுக்கு வேண்டாமா?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பி வரும் வழியில் நான் சாரிடம், இவர்களும் நம் ஊர்க் கணக்குத்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அடுத்த வாரமே கிடையைக் கிளப்பிக்கொண்டு அவர்கள் மேற்கே போய்விட்டார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று ஆச்சி சொல்வாள்.

மார்ச் முதல் வாரம் சார் மறுபடி ஒரு சுற்று வந்தார். மார்ச் 1 சூரியன் உதிக்கிற நேரத்துக்கு ஊரில் யார் யார் உயிரோடு இருந்தார்களோ அதுதான் கணக்கு. இடையில் பிறந்ததைச் சேர்க்கவும் இறந்ததை அடிக்கவும்தான் இந்தச் சுற்று. மேலத்தெருவில் ஒரு தாத்தாவை எழுதிப் பத்து நாளில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் விலக்குக்குத் தூக்கிப் போனார்கள். கட்டிலை இறக்கிவைத்து பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்திலேயே போய்விட்டார். போன கட்டில் அப்படியே திரும்பி வந்தது. சார் அவர் பேருக்கு மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்து, நேராக. அந்தத் தாத்தா எனக்கு வெள்ளரிப்பிஞ்சு தருவார். அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு எண்ணுகிற ஆசையே கொஞ்சநாள் விட்டுப்போயிற்று.

கொஞ்சநாள்தான். பிறகு கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பார்ப்பது, பெண் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்பதை. போனால் எனக்கு வருத்தம், வந்தால் கொண்டாட்டம். பக்கத்து வீட்டுச் சித்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது அவள் மாமியாரைவிட நான்தான் அதிகம் குதித்தேன். "எலே, உனக்கென்ன இம்புட்டுச் சந்தோசம்?" என்று சித்தி கேட்டாள். "பஸ் வரும்ல சித்தி" என்றேன். அவள் பச்சை உடம்போடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் காலண்டர் தாள் சொன்ன கணக்கு அறுநூறுக்கு இருபது முப்பது குறைவு. இந்தியா பூராவும் 68 கோடிக்கு மேல், தமிழ்நாட்டில் 4 கோடியே 80 லட்சத்துக்கு மேல் என்று டீக்கடைப் பேப்பரில் சார் வாசித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய எண்ணுக்குள் அக்கா, ஆச்சி, இளநீர் தந்த அம்மா, கீதாரி எல்லோரும் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மேலெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு பேர் இருந்தும் எங்கள் ஊருக்கு இன்னும் தொள்ளாயிரம் பேர் வேண்டியிருந்தது.

ஆட்கள் கூடவில்லை. மழை நாளில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத பிள்ளைகளுக்காக ஒரு குடும்பம் கோவில்பட்டிக்குக் குடிபோனது, பிறகு இன்னொன்று. பிழைப்புக்குத் திருப்பூர் திறந்துகொண்டது. பெண் கொடுக்க வருகிறவர்கள் விலக்கில் இறங்கிப் பாதையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போன கதையும் உண்டு. 1986-இல் ஜில்லாவைப் பிரித்தார்கள். 1991 கணக்கெடுப்பில் ஊர் திருநெல்வேலியிலிருந்து சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போய்விட்டது. நானும் அந்த வருஷம் வேறு ஊரில் எண்ணப்பட்டேன். என்னையும் எழுதச் சொல்லி அம்மா வந்தவரிடம் மன்றாடினாளாம்.

வேலைக்குப் போன பிறகு, ஒரு நூலகத்தில் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு கண்ணில் பட்டது. கனத்த அட்டை, பக்கத்துக்குப் பக்கம் ஊர்ப் பெயர்கள். எங்கள் ஊரைக் கண்டுபிடித்தபோது கை நடுங்கியது. ஒரே ஒரு வரி. ஆள் எத்தனை, பள்ளிக்கூடம் உண்டு, குடிதண்ணீர் கிணறு, மண் பாதை. பஸ் நிற்கிற இடம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் அடைப்புக்குள் தூரம். அந்தக் கையேட்டில் தூரத்துக்கு மூன்றே அளவுதான்: ஐந்து கிலோமீட்டருக்குள், ஐந்து முதல் பத்து, பத்துக்கு மேல். எங்கள் மூணு கல் ஐந்துக்குள் அடங்கிவிட்டது. இருக்கிறதிலேயே பக்கமான அளவு. ஐப்பசிச் சேறும் பலகைக்கல்லும் கயிற்றுக் கட்டிலும் அதே ஐந்துக்குள்தான் கிடந்தன. தூரத்தை நிலத்தில் அளந்தால் போதாது, எந்த மாசம், யார், எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டுத்தான் அளக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

2000 டிசம்பரில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வந்தது. சமவெளியில் 500 பேர் இருந்தால் போதும் என்றார்கள். ஊரில் அப்போது நானூற்றுச் சொச்சம். ஆயிரத்து ஐநூறு கேட்ட காலத்தில் அறுநூறாக இருந்தோம், ஐநூறு கேட்ட காலத்தில் நானூறாகிவிட்டோம். பஸ் இல்லாததால் ஆள் போனது, ஆள் போனதால் ரோடு வரவில்லை. கடைசியில் வேறு ஏதோ பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லி விழுந்து, தார் விழுந்து, ஒருநாள் மினி பஸ் வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, டிரைவருக்குத் துண்டு போர்த்தினார்களாம். கிழக்குத் தெருவைத் தொடாமல் திரும்பப் பார்த்த பஸ்ஸை, என்னோடு பெஞ்சில் இருந்தவன்தான் நடுப்பாதையில் நின்று ஓடைக்கு அந்தப் பக்கம்வரை போகவைத்தான். இப்போது அது அங்கே போய்த்தான் திரும்புகிறது.

அக்கா ஊரிலேயே இருக்கிறாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் என் கணக்கில் குறையவே குறையாத ஆள் அவள். காலையில் காசு கொடுத்து மினி பஸ்ஸில் எட்டயபுரம் போய்த் தையல்கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அவளும் ஊர்ப் பெண்களும், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத அரசு டவுன் பஸ்ஸில் விலக்கில் இறங்கி, மூணு கல்லும் பேசிக்கொண்டே நடந்து வருகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027-இல், மறுபடி மார்ச் 1 கணக்குத்தான், இந்தத் தடவை செல்போனிலேயே பதிவார்கள் என்று போனவாரம் அவளிடம் சொன்னேன். "என்ன வேலைன்னு கேப்பாக, என்னக்கா சொல்லுவ?"

"தையல்னு சொல்லுவேன். அதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டா, எட்டு வயசுலேர்ந்து கட்டை அடுக்குனேன், அதையும் எழுதிக்கோங்கம்பேன்."

"அதெல்லாம் கேக்க மாட்டாக."

"கேக்காட்டியும் சொல்லுவேன்" என்றாள். "ஆனா காலையில வந்தா நான் இருக்க மாட்டேன், எட்டரை வண்டிக்குப் போயிருவேன். ஏழு மணிக்கு மேல வரச் சொல்லு."